ரோடியர் மில் கட்டடங்களை என்ன செய்யலாம்? புதுச்சேரி பஞ்சாலைகளின் வரலாறும் மறுபயன்பாடும்

முதலியார்பேட்டைவாசி:

அனைவருக்கும் வணக்கம். கடலூர் சாலையில் ரயில்வே கேட் மூடியிருக்கும்போது வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் ஒவ்வொரு முறையும் என் பார்வை ரோடியர் மில்லின் பக்கமே போகிறது. காரை பெயர்ந்த சுவரில் செங்கல் தெரிகிறது. செங்கல் இடுக்கில் அரசங்கன்று வேர் விட்டிருக்கிறது. ஊரைப் பார்க்க வருகிறவர்களுக்கு அது பாழடைந்த சுவர். எங்கள் பேட்டையிலோ எத்தனையோ வீடுகள் அந்தச் சுவருக்குள் வாங்கிய சம்பளத்தில் எழுந்தவை.

இளைய நண்பர்களுக்காகப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் மூன்று பெரிய பஞ்சாலைகள் இருந்தன. மூத்தது சவானா, அது பின்னர் சுதேசி மில் ஆயிற்று. கெப்ளே மில் பாரதி மில் ஆயிற்று. மூன்றாவது, 1898-இல் தொடங்கப்பட்ட ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ். பலகையில் ஏ.எஃப்.டி. என்று எழுதியிருந்தாலும் ஊர்வாயில் அது இன்றுவரை ரோடியர் மில்தான். 1983-இல் அது மூடப்பட்டபோது, அரசு முன்வந்து 1986-இல் புதுச்சேரி டெக்ஸ்டைல் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தின்கீழ் அதை ஏற்று நடத்தியது. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் கூரைகளையும் இயந்திரங்களையும் சேதப்படுத்தியது. அதற்குப் பிறகு ஆலை முழுமையாக எழவில்லை. 2013-இல் தொழிலாளர்களுக்கு லே-ஆஃப் வந்தது. 2020 ஏப்ரல் 30 அன்று நிரந்தரமாக மூடப்பட்டது.

ஆலை மீண்டும் ஓடுமா என்ற கேள்வியை இங்கே நான் எழுப்பவில்லை. அந்தக் கட்டடங்களை, குறிப்பாக நெசவுக்கூடங்களை, என்ன செய்யலாம் என்பதே என் கேள்வி. படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடுவது, இடித்துவிட்டு மனை போடுவது, அருங்காட்சியகம் ஆக்குவது எனப் பலரும் பலவிதமாகப் பேசுகிறார்கள். வெளிநாடுகளிலும் மும்பையிலும் என்ன நடந்தது என்பதை அறிந்தவர்கள் எழுதினால் பேச்சு வெறும் ஆசையாக முடியாது.

தறிக்காரர் மகள்:

ஐயா, இந்த இழையைத் தொடங்கியதற்கு நன்றி. என் அப்பா நெசவுப் பிரிவில் தறி ஓட்டியவர். ஆலையைப் பற்றி யாராவது பேச்சை எடுத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது புகைபோக்கி அல்ல, அப்பாவின் கைகள். தறிகள் ஓடும் கூடத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது என்பதால் அங்கே எல்லாரும் உதட்டைப் பார்த்தும் கையைக் காட்டியும்தான் பேசிக்கொள்வார்கள். இரண்டு விரலைச் சேர்த்து முறுக்கினால் பாவு அறுந்துவிட்டது. உள்ளங்கையைத் தட்டையாக அசைத்தால் தறியை நிறுத்து. காதருகே கையைக் கொண்டுபோனால் மேஸ்திரி வருகிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அப்பா வீட்டில் அப்படியேதான் பேசினார். அம்மா அடுப்படியிலிருந்து வாயசைத்தால் போதும், கூடத்திலிருந்து பதில் வந்துவிடும். அதே அப்பாவுக்கு வாசலில் அழைப்பு மணி அடித்தால் கேட்காது.

அந்தக் கூடத்தை வெறும் கட்டடமாக என்னால் பார்க்க முடியவில்லை. மேலே கண்ணாடி பதித்த பல் பல்லான கூரை, கீழே வரிசையாக இரும்புத் தூண்கள், தூணுக்குத் தூண் இடையே இத்தனை தறி என்ற கணக்கு, இவை எல்லாம் ஒரு வேலைக்காக அமைக்கப்பட்டவை. கூரையை மாற்றி, நடுவில் சுவர் எழுப்பி, குளிர்சாதனம் வைத்துக் கடைகளாக்கிவிட்டு, வாசலில் ஒரு பழைய தறியைச் சாயம் பூசி நிறுத்தினால், அதைக் காப்பாற்றியதாகச் சொல்ல முடியுமா?

கணக்கெழுத்தர்:

என் கருத்து சற்றுக் கடுமையாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆலை மூடப்பட்டபோது நின்றுபோனது அதில் உழைத்தவர்களின் வாழ்க்கை. அந்த நிலத்துக்குக் கிடைக்கக்கூடிய மதிப்பைக் கொண்டு வேலைவாய்ப்பு தரும் எதையாவது கட்டுவதை விட்டுவிட்டு, ஒழுகும் கூரைகளுக்குக் கோடிக்கணக்கில் செலவழிப்பது யாருக்காக? ஐரோப்பாவில் அரசும் அறக்கட்டளைகளும் பணத்தைக் கொட்டுகின்றன. இங்கே ஒரு அருங்காட்சியகம் திறந்தால் ஐந்தாண்டில் பூட்டுத் தொங்குகிறது. உணர்ச்சியை மதிக்கிறேன், ஆனால் பராமரிப்புச் செலவை ஆண்டுதோறும் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று யாராவது சொல்லட்டும்.

தாதர் தமிழன்:

முப்பது ஆண்டுகளாக மும்பையில் வசிப்பவன் என்ற முறையில் கணக்கெழுத்தர் ஐயாவுக்கு ஒரு செய்தியை முன்வைக்க விரும்புகிறேன். "நிலத்தின் மதிப்பைக் கொண்டு வேலைவாய்ப்பு" என்ற அதே வாக்குறுதியை இந்த நகரம் கேட்டிருக்கிறது.

1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பரேல், லால்பாக், வொர்லி பகுதிகளைச் சேர்த்துக் கிரண்காவ், அதாவது ஆலைகளின் ஊர், என்று மராத்தியில் சொல்வார்கள். அந்த ஊரே அடங்கிப்போயிற்று. பல ஆலைகள் மறுபடி திறக்கவே இல்லை. அவற்றின் நிலம் சுமார் 600 ஏக்கர், அதுவும் நகரின் நடுவில். 1991-இல் வந்த வளர்ச்சி விதி, ஆலை நிலம் விற்கப்படும்போது மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சியின் திறந்தவெளிக்கும், ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கும், மீதி உரிமையாளருக்கும் என்று ஏறத்தாழப் பிரித்தது. காகிதத்தில் அது நியாயமாகவே இருந்தது. 2001-இல் அந்த விதியைத் திருத்தி, பங்கீடு முழு நிலத்துக்கும் இல்லை, ஏற்கெனவே காலியாகக் கிடக்கும் தரைக்கு மட்டுமே என்று ஆக்கினார்கள். ஆலை என்றாலே பெரும்பகுதி கட்டடம்தானே? கட்டடம் நின்ற தரை கணக்கிலிருந்து விலகிவிட்டதால் பொதுமக்களின் பங்கு மிகவும் சுருங்கியது. 2006-இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது.

லோயர் பரேலில் ஃபீனிக்ஸ் மில் இன்று பெரிய வணிக வளாகம். புகைபோக்கியை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்ளும் இளைஞர்களில் பலருக்கு அது எதற்குப் புகைந்தது என்று தெரியாது. பக்கத்தில் கமலா மில் வளாகத்தில் 2017 டிசம்பர் 29 அன்று மாடி உணவகம் ஒன்றில் பற்றிய தீயில் 14 பேர் உயிரிழந்தார்கள். ஒரு வேலைக்காகக் கட்டிய வளாகத்தில் வேறு கூட்டத்தை, அதுவும் இரவு நேரத்துக் கூட்டத்தை ஏற்றும்போது, வெளியேறும் வழியையும் தீயணைப்பு வண்டி நுழையும் பாதையையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். புதுச்சேரியில் எதைத் திட்டமிட்டாலும் இதை முதல் பக்கத்தில் எழுதுங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆகவே ஐயா, நிலத்தை விற்றால் தொழிலாளருக்குப் பணம் தானாக வந்து சேராது. விற்பதற்கு முன் விதியில் எழுதியதுதான் வந்து சேரும். அந்த எழுத்தையும் பத்தே ஆண்டுகளில் மாற்ற முடிந்தது.

ஆவணக்காரி:

தாதர் அண்ணா எழுதியது மனத்தில் தைத்தது. வரலாற்றுப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். புதுச்சேரி ஆலைகளைச் சாதாரண தொழிற்கூடங்களாக ஏன் கருத முடியாது என்பதற்கு அவை உதவும்.

19-ஆம் நூற்றாண்டில் இந்த ஊர் நூற்று, நெய்து, அவுரியில் சாயம் தோய்த்த நீலத்துணிக்குக் கினே என்று பெயர். அது பிரான்சில் விற்பதற்காக நெய்யப்பட்டதல்ல. செனகல் ஆற்றங்கரையில் பிரெஞ்சு வணிகர்கள் கருவேலம் பிசினை வாங்குவதற்கு அந்தத் துணியை நாணயம்போலவே பயன்படுத்தினார்கள். நம் ஊரின் நூலும் நீலமும் மேற்கு ஆப்பிரிக்காவில் பணமாகப் புழங்கின. இதை ஒரு பலகையில் எழுதி மாட்டினாலே உள்ளே நுழைகிறவர் ஒரு நிமிடம் நின்று படிப்பார்.

அடுத்தது 1936. பிரான்சில் அந்த ஆண்டு மே மாதத் தேர்தலில் மக்கள் முன்னணி என்ற இடதுசாரிக் கூட்டணி வென்றது. தொழிலாளருக்கு வாரம் 40 மணி நேர வேலை அங்கே சட்டமாயிற்று. இங்கே தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையாவின் வழிகாட்டுதலில் ஆலைத் தொழிலாளர்கள் சங்க உரிமையும் எட்டு மணி நேர வேலையும் கேட்டார்கள். ஜூலை 30 அன்று சவானா ஆலையில் போராடியவர்கள்மீது பிரெஞ்சுக் காவல்படை சுட்டது. 12 பேர் மாண்டார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் வந்த அரசாணை, பிரெஞ்சு இந்தியாவில் எட்டு மணி நேர வேலையைச் சட்டமாக்கியது. அதே காலத்தில் எல்லைக்கு அப்பால், சென்னை மாகாணத்து ஆலைகளில், 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாளுக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம் வேலை வாங்கலாம். அங்கே வாரம் 48 மணி நேரமாகக் குறைந்தது 1946-இல்தான். கடலூருக்கும் முதலியார்பேட்டைக்கும் நடுவே ஒரு தொழிலாளியின் நாள் இவ்வளவு நீளமாகவும் இவ்வளவு குறுகலாகவும் இருந்திருக்கிறது. 

இத்தனை இருந்தும் நம் மரபுக் கட்டடப் பேச்சில் ஆலைகள் ஏன் வருவதில்லை? புல்வார்டு என்ற நீள்வட்டச் சாலைக்கு உள்ளே இருப்பதுதான் பழைய புதுச்சேரி என்று எல்லாருடைய மனத்திலும் பதிந்திருக்கிறது. மஞ்சள் சுவரும் வளைவு வாசலும் கொண்ட வீடுகளுக்கு வழிகாட்டி உண்டு, படம் உண்டு, விருந்தினர் உண்டு. அந்த நகரத்துக்கு உழைத்தவர்களின் இடங்கள் வட்டத்துக்கு வெளியே விழுந்துவிட்டதால் பட்டியலுக்கும் வெளியே விழுந்துவிட்டன. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

சுண்ணாம்புக்காரை:

பழைய கட்டடங்களைச் செப்பனிடும் வேலையில் இருப்பவன் நான். என்ன செய்யலாம் என்று முடிவெடுக்கும் முன், எதைத் தொட்டால் எது விழும் என்று தெரிந்துகொள்வது நல்லது. ஆகையால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

தறிக்காரர் மகள் சொன்ன பல் பல்லான கூரை அழகுக்காக வந்ததல்ல. ஒவ்வொரு பல்லிலும் செங்குத்தான பக்கம் வடக்கு நோக்கி இருக்கும், அதில் கண்ணாடி. தெற்கே சரியும் பக்கத்தில் ஓடோ தகரமோ இருக்கும். நேர் வெயில் விழாமல் வெளிச்சம் மட்டும் சமமாக இறங்க வேண்டும், நெசவில் அறுந்த இழை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். இந்த வடிவம் இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே சூரியன் நடுப்பகலில் எப்போதும் தெற்கேதான் நிற்கும். புதுச்சேரியோ நிலநடுக்கோட்டிலிருந்து 12 பாகை வடக்கே உள்ள ஊர். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிச் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. அதாவது கத்திரி வெயில் காலத்தில் அந்தக் கண்ணாடி வழியாகவே வெயில் உள்ளே இறங்கும். கோடையில் கண்ணாடிக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வழக்கம் ஆலைகளில் இருந்ததற்குக் காரணம் இதுதான். கூடத்தை நூலகமாகவோ கண்காட்சியாகவோ மாற்ற நினைப்பவர் இந்த நான்கு மாதக் கணக்கைப் போடாமல் கண்ணாடியைத் துடைத்துப் பளபளவென்று வைத்தால், உள்ளே உட்காரவே முடியாது.

இரண்டாவது, மழைநீர். இரண்டு பற்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் நீண்ட காணை, அதாவது மழைநீர் வடியும் கால்வாய், ஓடும். இப்படிப்பட்ட கூடங்களில் அந்தக் காணையின் நீர் பெரும்பாலும் உள்ளீடற்ற வார்ப்பிரும்புத் தூண்களின் வழியாகவே தரைக்கடியில் இறங்கும், தூணே குழாய். காணையில் இலை அடைத்து ஒரு பருவமழை நின்றால் தூண் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே வண்ணம் நன்றாகவே இருக்கும். வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும். வளைவைத் தாங்காது, எச்சரிக்கை இல்லாமல் உடையும். மாடி போடலாம், பரண் போடலாம் என்று சொல்கிறவர்கள் தூணைச் சோதிக்காமல் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது.

மூன்றாவது, சுவர். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை இழுக்கும், வெளியே விடும். கடற்கரை ஊரில் அந்த ஈரத்தோடு உப்பும் வரும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கலுக்குள்ளேயே உப்புப் பூக்கும். இரண்டு மூன்று ஆண்டில் பூச்சு செங்கல்லின் மேல்தோலையும் சேர்த்து உரித்துக்கொண்டு விழும். நீற்றிய சுண்ணாம்பை ஊறவைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசும் முறை தெரிந்த கொத்தனார்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை கொடுத்தால் கணக்கெழுத்தர் ஐயா கேட்ட வேலைவாய்ப்பில் ஒரு பகுதி சீரமைப்பிலேயே வந்துவிடும்.

தாமதத்தின் விலை என்ன என்பதற்கு வெளியூர் போக வேண்டாம். கடற்கரைச் சாலையில் 19-ஆம் நூற்றாண்டின் மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக் கால நகர்மன்றம், 2014 நவம்பரில் தொடர்மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்தில் மறுபடி கட்டி 2021-இல் திறந்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது புதிய கட்டடம். ரோடியரில் இன்று முதலில் செய்ய வேண்டியது திட்ட அறிக்கை அல்ல. காணைகளைச் சுத்தம் செய்வதும், அரசங்கன்றுகளை வேரோடு எடுப்பதும், திறந்து கிடக்கும் கூரையைத் தற்காலிகமாக மூடுவதும்தான். சாயப்பட்டறை இருந்த பகுதியின் மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்துவிட வேண்டும். அங்கே குழந்தைகள் விளையாடும் பூங்கா என்று எழுதிவிட்டுப் பிறகு சோதிக்கக் கூடாது.

கணக்கெழுத்தர்:

சுண்ணாம்புக்காரை அவர்களுக்கு நன்றி. நான் கேட்ட கேள்விக்குப் பதில் வரத் தொடங்கியிருக்கிறது. தாதர் நண்பர் சொன்ன 2001 திருத்தம் எனக்குத் தெரியாத செய்தி. நிலத்தை விற்பது எளிய வழி என்ற என் எண்ணத்தை அது அசைத்திருக்கிறது. இருந்தாலும் லண்டனில் மின் நிலையமாக இருந்து கலைக்கூடமான டேட் மாடர்ன் போன்றவற்றை இங்கே உதாரணமாகக் காட்ட மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதற்கான பணம் நம்மிடம் இல்லை.

மாசசூசெட்ஸ் வாசகர்:

டேட் மாடர்னிலிருந்தும் ஒன்று கற்கலாம் ஐயா, செலவைத் தவிர. பேங்க்சைடு மின் நிலையம் 1981-இல் நின்றது. கலைக்கூடமாகத் திறந்தது 2000 மே மாதத்தில். செலவு 134 மில்லியன் பவுண்டு என்பது உண்மைதான். ஆனால் ஹெர்சாக், டி மெரோன் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் அங்கே செய்த மிகப் பெரிய காரியம், ஒன்றும் கட்டாமல் விட்டது. டர்பைன்கள் இருந்த 35 மீட்டர் உயரக் கூடத்தைத் தளம் போட்டு நிரப்பாமல் வெறுமையாகவே வைத்தார்கள். நுழைவுச் சீட்டு இல்லாமல் யாரும் உள்ளே நடந்து போய்த் தரையில் உட்காரலாம். கட்டடத்தின் ஒரு பகுதியில் மின் துணை நிலையம் கலைக்கூடத்தோடு சேர்ந்து தொடர்ந்து இயங்கியது.

நான் சொல்ல வந்தது வேறு ஊரைப் பற்றி. என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள லோவல், அமெரிக்காவின் பருத்தி ஆலைகளுக்குப் பெயர் பெற்ற நகரம். ஆலைகள் போன பிறகு அதுவும் நம் முதலியார்பேட்டையைப்போலவே வாடிக் கிடந்தது. 1978-இல் அந்த ஆலைப் பகுதியைத் தேசிய வரலாற்றுப் பூங்காவாக அறிவித்தார்கள். பூட் ஆலையின் கீழ்த்தளத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட விசைத்தறிகளை வரிசையாக நிறுத்தி, அவற்றில் சிலவற்றை இன்றும் ஓட்டுகிறார்கள். வாசலில் காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சடைப்பான் தருகிறார்கள். நான் அதை வைத்துக்கொண்டுதான் போனேன். இருந்தும் சத்தம் காது வழியாக வரவில்லை, பாதம் வழியாக ஏறியது. தரைப்பலகை நடுங்கி, அந்த நடுக்கம் முழங்காலுக்கு வந்து, பல் வரை எட்டியது. ஓடியவை சில தறிகள்தான். எல்லாத் தறிகளும் நாள் முழுக்க ஓடும் கூடத்தில் ஒருவர் தம் காதை எப்படிக் கொடுத்துவிட்டு வந்திருப்பார் என்பது அன்றுதான் புரிந்தது. தறிக்காரர் மகள் எழுதியதைப் படித்தபோது அந்த நடுக்கம் மறுபடி ஏறியது.

கட்டடத்தின் மேல்தளங்களில் குடியிருப்புகளும் அலுவலகங்களும் இருக்கின்றன. அருங்காட்சியகம் முழு ஆலையையும் சுமக்கவில்லை. மேலே வரும் வாடகையும் கீழே ஓடும் தறியும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. கணக்கெழுத்தர் ஐயா கேட்ட "எந்தத் தலைப்பில் எழுதுவது" என்பதற்கு இது ஒரு வழி.

ஆவணக்காரி:

பணம் குறைவாக உள்ள நாட்டுக்கு இன்னும் பொருத்தமான உதாரணம் பிரேசிலில் இருக்கிறது. சாவோ பாவ்லோ நகரில் பீப்பாய் செய்யும் பழைய ஆலை ஒன்று. வணிகத் துறை ஊழியர்களுக்கான செஸ்க் என்ற நல அமைப்பு அதைப் பண்பாட்டு மையமாக மாற்ற விரும்பி, 1970-களில் லினா போ பார்தி என்ற கட்டடக் கலைஞரை அழைத்தது. அவர் இடத்தைப் பார்க்கப் போனபோது, சனிக்கிழமையன்று அந்தக் காலிக் கூடங்களில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடியிருந்தன. பிள்ளைகள் ஓடினார்கள், இளைஞர்கள் பந்து விளையாடினார்கள், பெரியவர்கள் சமைத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே நடப்பது அப்படியே தொடர வேண்டும், அதற்குத் தடையாக எதையும் செய்யக் கூடாது என்று அவர் முடிவெடுத்தார். கூடங்களுக்குள் கணப்பு ஒன்று, தரையில் சிறு நீரோடைபோல ஒரு வளைந்த வாய்க்கால், படிக்கும் மேடைகள், பட்டறைகள் என்று சேர்த்தார். 1982-இல் திறந்தது. விளையாட்டுக்கான இரண்டு கான்கிரீட் கோபுரங்கள் பக்கத்தில் 1986-இல் எழுந்தன. இன்றும் அது அந்தப் பகுதி மக்களின் வீட்டுக் கூடம்போலவே இருக்கிறது.

நம் ஊரைப் பாருங்கள். ஏ.எஃப்.டி. திடலில் கூட்டம் நடக்கிறது, கண்காட்சி நடக்கிறது. பேருந்து நிலையத்தைப் புதுப்பித்தபோது 2024-இல் தற்காலிக நிலையமே அங்கேதான் வந்தது. மதிலுக்கு வெளியே உள்ள தரையை ஊர் ஏற்கெனவே தன்னுடையதாக எடுத்துக்கொண்டிருக்கிறது. மதிலுக்குள் என்ன வேண்டும் என்பதை அந்தத் திடலில் நின்று கேட்டாலே பாதி விடை கிடைக்கும்.

தறிக்காரர் மகள்:

மாசசூசெட்ஸ் அண்ணா, உங்கள் பதிவை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். காதருகே உரக்கப் படிக்க வேண்டியிருந்தது. எண்பது தறி என்று சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஓட்டுகிறவன் யார்?" என்பதுதான். தறியை மீட்டுக் காட்சிக்கு வைத்துவிடலாம். நாடா பாயும்போது எந்தச் சத்தம் சரியான சத்தம், எது பிசகு என்று அறிந்த ஆள் இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் அது நின்றுவிடும் என்கிறார். அவர் சொல்லச் சொல்ல நான் ஒரு தாளில் வரைந்தேன். பஞ்சுப் பொதி இறங்கும் இடம், பஞ்சைச் சுத்தம் செய்யும் புளோ ரூம், சிக்கெடுக்கும் கார்டிங், நூல் நூற்கும் ஸ்பின்னிங், பாவு ஓட்டும் வார்ப்பிங், பாவுக்குக் கஞ்சி போடும் சைசிங், பிறகு நெசவு, துணி மடிக்கும் கூடம். எந்தச் சன்னலோரம் காற்று வரும், எந்தத் தூணருகே சாப்பாட்டு அடுக்கை மாட்டுவார்கள், பஞ்சுத் தூசியில் திங்கட்கிழமை மட்டும் நெஞ்சு இறுகும் என்பதை எப்படிச் சமாளித்தார்கள் என்பது வரை அவருக்கு நினைவிருக்கிறது. ஞாயிறு விடுமுறைக்குப் பிறகு வரும் அந்த மூச்சிறுக்கத்துக்கு மருத்துவ நூல்களில் ஒரு பெயர் உண்டு என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்பா அதை "திங்கக்கிழமை நெஞ்சு" என்றே சொல்வார்.

ஆலையின் பெருமையை மட்டும் காட்டும் இடமாக அது ஆகிவிட வேண்டாம். காது போனதும் நெஞ்சு இறுகியதும் அங்கே எழுதப்பட வேண்டும்.

தாதர் தமிழன்:

ஜெர்மனியில் எஸ்ஸன் நகரத்து சோல்வெரைன் நிலக்கரிச் சுரங்கம் 1986-இல் மூடி, 2001-இல் உலக மரபுச் சின்னமாயிற்று. அங்கே முன்னாள் சுரங்கத் தொழிலாளர்களும் வழிகாட்டிகளாக வந்து பார்வையாளர்களை அழைத்துச் சென்றிருக்கிறார்கள். சகோதரியின் அப்பா கேட்ட கேள்விக்கு அங்கே கிடைத்த பதில் அது. ரோடியரில் வேலை செய்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். மும்பையில் நாங்கள் அந்தக் காலத்தைத் தவறவிட்டோம்.

கணக்கெழுத்தர்:

நான் என் நிலையை ஓரளவு மாற்றிக்கொள்கிறேன். வளாகம் முழுவதையும் காக்க வேண்டும் என்பதை இன்னும் ஏற்கவில்லை. பின்னாளில் எழுந்த கிடங்குகளும் சிதைந்த கொட்டகைகளும் போகலாம். அந்த இடத்தில் வருமானம் தருவது வரட்டும். ஆனால் பழைய நெசவுக்கூடத்தில் ஒன்றை, கூரை, தூண், காணை, தறிகள் நின்ற தரை ஆகியவற்றோடு முழுதாக நிறுத்துவதும், மற்றக் கூடங்களைத் தையல், அச்சு, கைத்தறிப் பயிற்சி போன்ற துணி சார்ந்த தொழில்களுக்குக் குறைந்த வாடகைக்கு விடுவதும் நடக்கக்கூடிய காரியம். நிலம் அரசு நிறுவனத்தின் பெயரில் இருப்பது ஒரு வசதி. விற்காத வரைக்கும்தான் அந்த வசதி. எந்தப் பங்கு பொதுமக்களுக்கு என்பதை முதலிலேயே எழுதி, அது முழு நிலத்துக்கும் பொருந்தும் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். நிலுவையில் உள்ள தொழிலாளர் பாக்கிகள் இந்தக் கணக்கில் முதல் வரியில் வர வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முதலியார்பேட்டைவாசி:

கணக்கெழுத்தர் ஐயா முதல் வரியில் எழுதியதை நானும் முதல் வரியிலேயே எழுதுகிறேன். அதில் நமக்குள் வேறுபாடு இல்லை.

இங்கே பேசியதை வைத்து ஒரு கோரிக்கை மனுவைத் தயாரிக்கலாம் என்று நினைக்கிறேன். சுண்ணாம்புக்காரை அவர்கள் அவசர வேலைகளை, அதாவது காணை, செடி, திறந்த கூரை, மண் சோதனை ஆகியவற்றை மட்டும், ஒரு பக்கத்தில் எழுதித் தந்தால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கொடுத்துவிடலாம். மறுபயன்பாட்டைப் பற்றிய மனு தனியாக, பொறுமையாக வரட்டும். இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் பெரிய மனுவோடு சேர்ந்து சிறிய மனுவும் கிடப்பில் போய்விடும்.

தறிக்காரர் மகளிடம் ஒரு வேண்டுகோள். அப்பா சொல்லி வரைந்த தாளை நகல் எடுத்துத் தாருங்கள். எங்கள் தெருவில் ஸ்பின்னிங்கில் இருந்தவர் ஒருவர், சைசிங்கில் இருந்தவர் ஒருவர் இருக்கிறார்கள். இருவருமே எழுபதைத் தாண்டியவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்களை உங்கள் வீட்டுக்கு அழைத்து வருகிறேன். மூவரும் ஒரே தாளின் முன் உட்கார்ந்தால், ஒருவர் விட்ட சன்னலை இன்னொருவர் போட்டுவிடுவார். அப்பாவுக்குக் காது கேட்காதே என்ற கவலை வேண்டாம். அவர்கள் மூவரும் பேசிக்கொள்ளும் முறை வேறு.